காருக்குக் கட்டும் பணம் ஆம்புலன்சுக்குப் போகிறதா? வர்ஜீனியா வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பெருநகரங்களை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர், மகன், மகள் ஆகியோருடன் ஒன்பது ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார். வீட்டில் மூன்று கார்கள். எல்லோருமே கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள். குடியுரிமைக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில், ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. கணவர் வேலை விஷயமாக வெளியூரில். அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் ஆயிரக்கணக்கில் பில் வரும் என்ற பயத்தில், வாசகி முதலில் இரண்டு தோழிகளை அழைத்திருக்கிறார். ஒருவர் எடுக்கவில்லை, மற்றவர், "உடனே 911-ஐக் கூப்பிடு" என்று கத்தியிருக்கிறார். அதற்குள் இருபது நிமிடங்கள் போய்விட்டன. பிறகு அழைத்து, ஆம்புலன்ஸ் வந்து சேர 26 நிமிடங்கள். வந்திறங்கிய இருவரில் ஒருவர், மகளின் பள்ளிப் பேருந்தை ஓட்டும் பெண்மணி. தொண்டர் மீட்புக் குழுவில் அவர் சம்பளமில்லாமல் சேவை செய்கிறார். மாமியாருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். இப்போது வாசகியின் வீட்டு வாசலில் மெதுவாக நடை பழகுகிறாராம்.

பின்னர் ஆம்புலன்சுக்கு 1,240 டாலர் பில் வந்தது. வருகையாளர் காப்பீட்டு நிறுவனம் தர மறுத்துவிட்டது. இதற்கிடையே, மீட்புக் குழு நிதி திரட்ட நடத்திய பான்கேக் காலை விருந்தில் அதன் தலைவர் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார்: கார் பதிவுக் கட்டணத்திலேயே ஆம்புலன்சுக்கென்று ஒரு தொகை பிடிக்கப்படுகிறது, அது இருப்பதைக் காரணம் காட்டி, கவுண்டி தன் சொந்த மானியத்தை 60,000 டாலரிலிருந்து 42,000 ஆகக் குறைத்துவிட்டது.

வாசகி கேட்பவற்றில் முக்கியமானவை நான்கு. ஒன்பது ஆண்டுகளாக மூன்று காருக்கும் கட்டியிருக்கிறோமே, எங்களுக்கு எதற்குத் தனியாக பில்? கவுண்டி செய்தது சட்டவிரோதம் இல்லையா? எங்கள் கவுண்டியில் மட்டும் காருக்குப் பத்து டாலர் கூடுதலாக வசூலித்து ஆம்புலன்சுக்குத் தரச் சொல்லலாமா? இதையெல்லாம் கூட்டத்தில் எழுந்து பேசினால் எங்கள் குடியுரிமைக்கு இடையூறு வருமா?

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இருபது நிமிடங்களை நீங்கள் மூன்று இடங்களில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அது உங்களை உறுத்துவது தெரிகிறது. உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 108-ஐ அழைத்தால் ஒரு பைசா கேட்காமல் வண்டி வரும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். இங்கே பில் வரும் என்று யாரோ சொன்ன கதையைக் கேட்டு மிரண்டு போயிருக்கிறோம். ஆனாலும் இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்: நெஞ்சுவலி, பக்கவாதம், மூச்சுத் திணறல் என்றால் முதல் அழைப்பு 911-க்குத்தான். பணம் கட்ட முடியுமா என்று கேட்டுவிட்டு ஆம்புலன்ஸ் கிளம்புவதில்லை. 1986-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனை எதுவும் பணத்தை முன்னிட்டு நோயாளியைப் பரிசோதிக்காமல் திருப்பியனுப்ப முடியாது. பில்லை ஆறு மாதம் கழித்துக்கூடப் பேசித் தீர்க்கலாம்.

உங்கள் டாலர் எங்கே போகிறது

மீட்புக் குழுத் தலைவர் சொன்னது உண்மை. வர்ஜீனியாவில் கார், வேன், சிறு டிரக் ஆகியவற்றைப் பதிவு செய்யும்போதும் புதுப்பிக்கும்போதும், ஆண்டுக்கு 6.25 டாலர் கூடுதலாகச் சேர்த்து வாங்குகிறார்கள். வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி.க்கு நீங்கள் கட்டும் மொத்தத் தொகைக்குள் இது அடங்கிவிடுவதால் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அதில் 4 டாலரை, அவசர மருத்துவ உதவிக்கு மட்டுமே செலவிட வேண்டிய தனி நிதியாகச் சட்டம் ஒதுக்கி வைக்கிறது. ஒரு டாலராகத் தொடங்கி, இரண்டாகி, நான்காக வளர்ந்த திட்டம் இது. 'ஃபோர் ஃபார் லைஃப்' (உயிருக்காக நான்கு) என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

ஆம்புலன்சுக்குக் காரோடு என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அறுபதுகள் வரை இந்த நாட்டில் ஏறக்குறைய பாதி ஆம்புலன்ஸ்களை இறுதிச் சடங்கு நிறுவனங்கள்தான் ஓட்டிக்கொண்டிருந்தன. படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீளத்தில் வண்டி இருந்தது அவர்களிடம்தான். 1966-இல் தேசிய அறிவியல் அகாதமி வெளியிட்ட அறிக்கை ஒன்று, சாலை விபத்தில் அடிபட்டவர்கள் சரியான முதலுதவி கிடைக்காமல் செத்துக்கொண்டிருப்பதை நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. அதே ஆண்டில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதனால் இங்கே அவசர மருத்துவ உதவி பிறந்த வீடு சுகாதாரத் துறை அன்று, போக்குவரத்துத் துறை. உங்கள் மாமியாரை ஏற்றிச் சென்ற வண்டியின் பக்கத்தில் ஆறு முனை நீல நட்சத்திரம் இருந்திருக்கும். அந்தச் சின்னம்கூட கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு உரியது. காரிடமிருந்து வாங்கி ஆம்புலன்சுக்குக் கொடுக்கும் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த 4 டாலரும் உங்கள் கவுண்டிக்கு வருவதில்லை. 26 விழுக்காடுதான், கார் எந்தக் கவுண்டியில் பதிவாகியிருக்கிறதோ அங்கே திரும்பி வருகிறது. காருக்கு ஆண்டுக்கு 1 டாலர் 4 சென்ட். 32 விழுக்காடு, மீட்புக் குழுக்கள் போட்டியிட்டுப் பெறும் மானிய நிதிக்கு. 30 விழுக்காடு பயிற்சிக்கும் ஆள் சேர்ப்புக்கும் மாநில அளவில் போகிறது. 10 விழுக்காடு மாநிலச் சுகாதாரத் துறையின் அவசர மருத்துவப் பணிகளுக்கு. மீதி 2 விழுக்காடு, தொண்டர் மீட்புக் குழுக்களின் மாநிலச் சங்கத்துக்கு.

உங்கள் வீட்டின் மூன்று கார்களும் ஒன்பது ஆண்டுகளில் உங்கள் கவுண்டிக்குக் கொண்டுவந்த தொகை, சுமார் 28 டாலர். கவுண்டியில் 20,000 வண்டிகள் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 20,800 டாலர்தான் வரும். ஓர் ஆம்புலன்சில் இருபத்து நான்கு மணி நேரமும் இருவர் இருக்க வேண்டுமானால் எத்தனை பேர் வேண்டும் என்று பாருங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வாரம் 40 மணி என்றால் ஒருவர் ஆண்டுக்கு 2,080 மணி வேலை செய்வார். ஓர் இருக்கைக்கே நான்கு பேருக்கு மேல் வேண்டும். இரண்டு இருக்கைக்கு எட்டு பேர். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஒன்பது, பத்து. 20,800 டாலரில் அவர்களில் ஒருவருக்குக்கூட ஓராண்டுச் சம்பளம் தேறாது.

அந்த 26 நிமிடங்களுக்கு இதுதான் காரணம். பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்மணி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்து, பேஜர் ஒலிக்க எழுந்து, பனியில் காரை ஓட்டி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்சை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். காலை ஆறு மணிக்கு அவர் மறுபடியும் பேருந்தை எடுத்திருக்க வேண்டும். உங்கள் பதிவுக் கட்டணம் அவரை அந்த இடத்தில் உட்கார வைக்கவில்லை. அவர் கையில் இருந்த கருவியை வாங்கவும், அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளவும் அது உதவியிருக்கலாம். சட்டம் சொல்வதும் அதைத்தான்: கவுண்டிக்குத் திரும்பும் பங்கு, உரிமம் பெற்ற, லாப நோக்கமற்ற குழுக்களின் பயிற்சிக்கும் கருவிகளுக்கும் பொருட்களுக்கும். தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் அமர்த்துவது பற்றி உங்கள் கவுண்டியில் பேச்சு அடிபடுவதாக எழுதியிருக்கிறீர்கள். லாபத்துக்கு நடக்கும் நிறுவனத்துக்கு இந்தப் பணத்தைத் திருப்பிவிட முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். வர்ஜீனியாவில் பல நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராதவை. கவுண்டியில் குடியிருந்துகொண்டே அஞ்சல் முகவரியில் பக்கத்து நகரத்தின் பெயரை வைத்திருப்பவர்கள் ஏராளம். டி.எம்.வி. பதிவில், வண்டி எந்தப் பகுதியில் நிறுத்தப்படுகிறது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நகரத்தின் பெயர் தவறாக விழுந்திருந்தால், உங்கள் 1 டாலர் 4 சென்ட் பக்கத்து ஊருக்குப் போகும். ஆண்டுதோறும் வரும் கார் வரி நோட்டீசும் குழம்பும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

அந்த 1,240 டாலர் பில்

பதிவுக் கட்டணம் காப்பீடு ஆகாது. சந்தாவும் ஆகாது. கட்டியவர், கட்டாதவர் என்று பிரித்துப் பார்த்து ஆம்புலன்ஸ் வருவதில்லை. அதே நியாயத்தில், கட்டியதைக் காட்டி பில்லைக் கழிக்கவும் முடியாது. கார் இல்லாத மனிதருக்கும் அதே வண்டிதான் வரும். வரவும் வேண்டும். 108 கூட இலவசமாக வானத்திலிருந்து இறங்கவில்லை. அரசு வரவு செலவுத் திட்டத்தில் நம் வரிப்பணத்திலிருந்து அதன் செலவு போகிறது. இங்கே அந்தச் செலவில் ஒரு பகுதியை வரியிலும், ஒரு பகுதியை நன்கொடையிலும், மீதியைப் பயணித்தவர் பில்லிலும் ஈடுகட்டுகிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விலையை யோசிக்க வைக்கும் ஏற்பாட்டை நல்லது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைய சட்டம் இப்படி இருக்கிறது.

2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள, எதிர்பாராத மருத்துவ பில்களிலிருந்து காக்கும் கூட்டாட்சிச் சட்டம் உங்களுக்கு உதவும் என்று நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டம் விமான ஆம்புலன்சுக்குப் பொருந்தும். தரையில் ஓடும் ஆம்புலன்சுக்குப் பொருந்தாது. இந்த வழியில் முயன்று நாளைக் கடத்த வேண்டாம்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் மறுத்த கடிதத்தைக் கையில் எடுங்கள். முன்பே இருந்த நோய் என்ற காரணத்தைச் சொல்லியிருப்பார்கள். வருகையாளர் காப்பீட்டில் அதுதான் வழக்கமான பதில். உங்கள் பாலிசியில், முன்பே இருந்த நோய் திடீரெனத் தீவிரமானால் தனி வரம்புக்குள் பணம் தரும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவசரச் சிகிச்சைப் பிரிவின் குறிப்பையும் ஆம்புலன்ஸ் குழு எழுதிய நோயாளி அறிக்கையையும் இணைத்து, கெடு தாண்டும் முன் எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக் கடிதத்திலேயே கெடு இருக்கும்.

அதோடு, பில் அனுப்பியவர்களிடம் வசதிக் குறைவு விண்ணப்பம் கேளுங்கள். பல கவுண்டிகள் உள்ளூர்வாசிகளிடம் காப்பீடு தருவதை வாங்கிக்கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்கின்றன. மற்றவர்களுக்குத் தவணை தருகின்றன. உங்கள் மாமியார் வருகையாளர் என்பதால் உள்ளூர்வாசிச் சலுகை கிடைக்காமல் போகலாம். ஆனால் வருமானம் இல்லாத முதியவர் என்பது விண்ணப்பத்தில் எடுபடும். பேசி முடிக்கும்வரை கிரெடிட் கார்டில் கட்டிவிடாதீர்கள். கட்டிய பிறகு குறைக்கச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. அதற்காக பில்லைக் கிடப்பில் போடவும் வேண்டாம், வசூல் நிறுவனத்திடம் போய்விடும்.

பதினெட்டாயிரம் டாலர் வெட்டு

உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே சட்டப் பலம் உள்ள இடம் இதுதான். வர்ஜீனியாச் சட்டத் தொகுப்பின் 46.2-694 பிரிவை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். இந்த நிதி, கவுண்டி தன் சொந்தப் பணத்திலிருந்து தருவதற்கு மேலாக இருக்க வேண்டும். சொந்தப் பணத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கவுண்டி இதை எப்படிச் செலவிட்டது என்று ஆண்டுதோறும் மாநிலச் சுகாதார வாரியத்துக்கு அறிக்கை தர வேண்டும். தராவிட்டால், தரும்வரை அடுத்த ஆண்டுப் பங்கு நிறுத்தி வைக்கப்படும். பணம் அனுப்பும் காசோலையிலேயே, எதற்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று குறித்து அனுப்ப வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பணம் எங்கெல்லாம் நழுவும் என்று தெரிந்தவர்கள் எழுதிய பிரிவு அது.

ஆனால் "திருட்டு" என்று நீங்கள் எழுதியிருக்கும் சொல்லைக் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். மானியம் 18,000 குறைந்தது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. வருவாய் சரிந்து எல்லாத் துறைகளுக்கும் வெட்டு விழுந்திருக்கலாம். மீட்புக் குழுவின் வண்டிக்குக் கவுண்டி வேறு கணக்கிலிருந்து எரிபொருளும் காப்பீடும் கட்டத் தொடங்கியிருக்கலாம். அல்லது நீங்கள் சந்தேகப்படுவதே நடந்திருக்கலாம். "பதிவுக் கட்டணப் பணம் இருக்கிறதே" என்று அதிகாரி கூட்டத்தில் சொன்னதாகத் தலைவர் கூறுவது உண்மையானால், அந்த வாக்கியம் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். அது முக்கியமான வாக்கியம்.

ஆகவே காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். கடைசி மூன்று ஆண்டுகளில் நிறைவேற்றப்பட்ட கவுண்டி வரவு செலவுத் திட்டங்கள், அதே மூன்று ஆண்டுகளுக்கு ஃபோர் ஃபார் லைஃப் நிதி குறித்துக் கவுண்டி அனுப்பிய அறிக்கைகள், அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. மாநிலத் தகவல் பெறும் சட்டப்படி, எழுதிக் கேட்டால் ஐந்து வேலை நாட்களில் பதில் வர வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் ஏழு வேலை நாட்கள் எடுத்துக்கொள்ளலாம். நகல் எடுக்கச் செலவு கேட்பார்கள், எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரும் வர்ஜீனியா முகவரியும் கேட்பார்கள். இந்தச் சட்டம் "மாநிலத்தின் குடிமக்களுக்கு" என்று பேசுகிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் யாராவது இழுத்தடித்தால் சண்டைக்கு நிற்காதீர்கள். மீட்புக் குழுத் தலைவரே கையெழுத்திட்டுக் கேட்கட்டும். அவருக்கு அதில் உங்களைவிட நேரடி அக்கறை இருக்கிறது.

வழக்குப் போடலாமா என்கிறீர்கள். இப்போது வேண்டாம். தனிமனிதர் வழக்குத் தொடுக்கும் உரிமையை அந்தப் பிரிவு வெளிப்படையாகத் தரவில்லை. கவுண்டியோடு நீதிமன்றத்தில் மல்லுக்கு நிற்கும் செலவில் மீட்புக் குழு இன்னொரு இதயக் கண்காணிப்புக் கருவிக்கு நிதி திரட்டிவிடலாம். கவுண்டியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்கு முன் வரவு செலவுத் திட்டத்தின் மீது பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். மூன்று ஆண்டு எண்களை ஒரே தாளில் அச்சடித்து, கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் ஒவ்வொருவர் மேசையிலும் வைத்துவிட்டு, "இந்த 18,000 எதற்குப் போனது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உள்ளாட்சிக் கணக்குகளோடு இத்தனை ஆண்டு புழங்கியதில் நான் கண்டது: குற்றச்சாட்டுக்கு மறுப்பு தயாராக இருக்கும், எண்களோடு வரும் கேள்விக்கு அவ்வளவு எளிதில் பதில் தயாராக இருக்காது. பதில் திருப்தியாக இல்லையென்றால், அதே தாளை மாநில அவசர மருத்துவ சேவை அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். 2023-இல் அந்த மாநில அலுவலகத்தின் கணக்கிலேயே பெரும் ஓட்டை வெளிப்பட்டது. பின்னர் அங்கே பணிபுரிந்த உயரதிகாரி ஒருவர் லட்சக்கணக்கான டாலரைக் கையாடியதற்காகத் தண்டனை பெற்றார். தனி நிதி என்று பெயர் வைத்துவிட்டால் பணம் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது, சகோதரி. உங்களைப் போன்ற ஒருவர் அந்த ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர்.

காருக்குப் பத்து டாலர் கூட்டலாமா

உங்கள் கவுண்டி நினைத்தால்கூட மாநிலப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சென்ட் கூட்ட முடியாது. வர்ஜீனியாவில் கவுண்டிகளுக்கு மாநிலச் சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு. 19-ஆம் நூற்றாண்டு நீதிபதி ஒருவரின் பெயரால் 'டில்லன் விதி' என்பார்கள். கவுண்டி தனியாக விதிக்கும் வாகன உரிமக் கட்டணம் என்று ஒன்று உண்டு, ஆனால் அதுவும் மாநிலக் கட்டணத்தைத் தாண்டக் கூடாது. மாநிலக் கட்டணம் உயர வேண்டுமானால் தலைநகர் ரிச்மண்டில் உள்ள சட்டமன்றம்தான் உயர்த்த வேண்டும். அது நடக்காத காரியம் அன்று: பக்கத்து மேரிலாந்தில் பதிவுக் கட்டணத்தோடு வாங்கும் அவசர மருத்துவக் கூடுதல் தொகையை 2024-இல் 17 டாலரிலிருந்து 40 டாலராக உயர்த்தினார்கள். அந்த நிதியிலிருந்துதான் அங்கே மாநிலக் காவல்துறையின் மீட்பு ஹெலிகாப்டர்களுக்கும் பால்டிமோரின் விபத்துச் சிகிச்சை மையத்துக்கும் பணம் போகிறது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதும்போது இந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

ஆனாலும் கார்க் கட்டணத்தின் மீது எல்லாப் பாரத்தையும் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். லட்சாதிபதியின் புதுக் காருக்கும், மூன்று வேலை பார்ப்பவரின் இருபது வயதுக் காருக்கும் ஒரே தொகை. ஆளும் வண்டியும் வேண்டும் என்றால் கவுண்டியின் பொது நிதியிலிருந்தோ சொத்து வரியிலிருந்தோதான் வர வேண்டும். வர்ஜீனியாவிலேயே உள்ள பிரின்ஸ் வில்லியம் கவுண்டி தீயணைப்புக்கும் மீட்புக்கும் என்று சொத்து வரியோடு தனி வரி வாங்குகிறது. உங்கள் மனுவை அந்தத் திசைக்குத் திருப்புங்கள்.

மீட்புக் குழுவுக்காக உங்கள் தமிழ்ச் சங்கம் திரட்டியிருப்பதாக நீங்கள் எழுதிய 10,000 டாலரைப் பற்றி: அதில் பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது நின்றுபோனால் பழுது பார்க்கும் செலவு மீட்புக் குழுவின் தலையில் விழும். மாநில மானிய நிதி, குழு தன் பங்காகப் பாதித் தொகை போட்டால் மறுபாதி தருவது வழக்கம். வசதி குறைந்த இடங்களுக்கு 80 விழுக்காடு வரைகூடத் தருகிறது. விண்ணப்பக் கெடு ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 15, செப்டம்பர் 15. சங்கத்தின் பணத்தை அந்தப் பங்குத் தொகையாகக் கொடுத்தால், மானியம் கிடைக்கும்போது 10,000 டாலர் 20,000 ஆகிறது. எந்தக் கருவி வேண்டும் என்று தலைவரே முடிவு செய்யட்டும்.

கிரீன் கார்டோடு கூட்டத்தில் பேசலாமா

பேசலாம். கவுண்டிக் கூட்டத்தில் எழுந்து வரிப்பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது, குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் அரசியலமைப்பு தந்திருக்கும் பேச்சுரிமைக்குள் வருகிறது. கண்ணியமாகப் பேசுங்கள், உண்மையை மட்டும் சொல்லுங்கள். குடிவரவு அலுவலகத்தில் உங்களுக்கு வேறு ஏதேனும் சிக்கல் நிலுவையில் இருந்தால் மட்டும், அந்தத் துறை வழக்கறிஞரிடம் முன்னதாக ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் அஞ்ச வேண்டிய இடம் வேறு. டி.எம்.வி.யில் கார் வேலையாகவோ ஓட்டுநர் உரிமத்துக்காகவோ போகும்போது, வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று கேட்பார்கள். அவசரத்தில் "ஆமாம்" என்று தொட்டுவிடாதீர்கள். குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதிவதும் வாக்களிப்பதும், தெரியாமல் செய்ததாக இருந்தாலும், குடியுரிமையைக் கெடுக்கும். நாடு கடத்தும் அளவுக்குக்கூடப் போகும். தகுதியுள்ள வாக்காளர்கள் மட்டும் கையெழுத்திட வேண்டிய தேர்தல் மனுக்களிலும் கையெழுத்துப் போட வேண்டாம். சாதாரணக் கோரிக்கைக் கடிதத்தில் போடலாம். எந்த மனு, யார் கையெழுத்திடலாம் என்பது மேலேயே அச்சிட்டிருக்கும். படித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

உங்கள் மகனுக்குப் பதினேழு வயது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரவுக்குப் பிறகு அவன் மீட்புக் குழுவின் நிலையத்துக்கு அடிக்கடி போய் வருகிறான், தடுக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். தடுக்காதீர்கள். வர்ஜீனியாவில் பதினாறு வயதிலேயே அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சிக்குச் சேரலாம். 150 மணி நேரத்துக்கு மேல் படிப்பு. உங்கள் பதிவுக் கட்டணம் செலவாவது பெரும்பாலும் இந்தப் பயிற்சிக்கும் கருவிக்கும்தான். அதே மாநிலத்தின் ரோனோக் நகரில், 1909-இல் ஆற்றில் இருவர் மூழ்குவதைக் கரையில் நின்று பார்த்த சிறுவன் ஜூலியன் ஸ்டான்லி வைஸ். உதவத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. 1928-இல், ரயில்வேயில் தன்னுடன் வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் தொடங்கிய தொண்டர் மீட்புக் குழுவின் வழியில் வந்தவர்தான், உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய அந்தப் பேருந்து ஓட்டுநர்.

இன்னும் ஒன்று. பகலில் நீங்கள் எல்லோரும் வெளியே போனபின் மாமியார் தனியாக இருப்பாரே. ஒரு தாளில் வீட்டு எண்ணையும் தெருவின் பெயரையும் அவர் வாசிக்கக்கூடிய தமிழ் எழுத்தில், ஆங்கில உச்சரிப்பு அப்படியே வரும்படி பெரிதாக எழுதுங்கள். அதன் கீழே "ஆம்புலன்ஸ், ஹார்ட், டமில்" என்ற மூன்று சொற்கள். தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டி, அவரை இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.